நெருப்புக்குச்சிப் பொட்டு

இருபத்துமூன்றாவது நெற்றியில் பொட்டு வைக்கக் குனிந்தபோது ஜெயந்தனுக்குத் தும்மல் வந்தது. கையிலிருந்த நெருப்புக்குச்சியை அப்படியே உயர்த்திப் பிடித்துக்கொண்டு, முகத்தைத் தோளுக்குள் புதைத்துத் தும்மி முடித்துவிட்டுத் திரும்பவும் குனிந்தான். அதை நெற்றி என்று சொல்வதே கொஞ்சம் கூடுதல் மரியாதை. சுண்டுவிரல் நுனியளவு மஞ்சள் பிளாஸ்ரிக் தலை, அதில் இரண்டு கறுப்புப் புள்ளி, கீழே சிரிப்புக்கு ஒரு கோடு. குச்சியின் மருந்தில்லாத முனையைச் சந்தனத்தில் தொட்டு புள்ளிகளுக்கு மேலே ஒற்ற வேண்டும். அது காய்வதற்குள் இன்னொரு குச்சியால் நடுவில் குங்குமம் வைக்க வேண்டும். முதல் நாலைந்து பேருக்குச் சந்தனம் வாய்வரைக்கும் வழிந்துவிட்டது. அவர்களைத் துடைத்து மறுபடி வைத்தான். பிறகு கை பழகிவிட்டது. தண்ணீர் இறைக்கிற மெசினின் காபரேற்றருக்குள் ஊசி வால்வு பொருத்துகிற கைக்கு இது ஒரு வேலையா என்று தனக்குள்ளேயே பெருமைப்பட்டும் கொண்டான்.

அன்று சரஸ்வதி பூசை. காலபோக விதைப்புக்கு வயல்கள் உழுபடுகிற நேரமாதலால், பரந்தன் சந்திக்குக் கிட்ட இருந்த அவனுடைய திருத்தகத்தின் வாசலில் நாலு லான்ட்மாஸ்ரர் உழவு மெசின்கள் வரிசையில் கிடந்தன. என்றாலும் மத்தியானத்தோடு கடையைக் கழுவி, அங்கேயிருந்த ஆயுதங்களுக்கெல்லாம் சந்தனம் தெளித்து, பெரிய ஸ்பானர் பெட்டியை மட்டும் மோட்டார்சைக்கிளில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டான். சாமியறையில் கும்பத்துக்கு முன்னால் வெள்ளைத்துணி விரித்து, ஒவ்வொரு வருடமும் அவரவர் தொழிலை அதில் வைப்பார்கள். அவனுடைய ஸ்பானர்கள். மனைவி கௌசலாவின் தையல் கத்தரிக்கோலும் அளவு நாடாவும். அவனுடைய தங்கச்சி நிரோஜா பல்கலைக்கழகத்துக்குப் போன காலத்தில் அவளுடைய புத்தகங்கள் அலுமாரி உயரத்துக்கு இருக்கும். பட்டம் வாங்கி வேலைக்குக் காத்திருக்கத் தொடங்கிய இந்த நாலு வருடமும் அவள் ஒரேயொரு பேனையை மட்டும் வைத்தாள். அந்தப் பேனையைப் பார்க்கும்போதெல்லாம் ஜெயந்தனுக்கு என்னவோ செய்யும்.

இந்த வருடம் அந்தத் துணியின் நடுவில் இருந்தது நிரோஜாவின் பலகை. மேசையளவு பலகை அது. அதன்மேல் பச்சைத் தகடுகளால் ஆன வயல், சாம்பல் கட்டைகளால் ஆன வரம்பு, கண்ணாடி போன்ற நீல வட்டத் துண்டுகளை நிரப்பி ஒரு வாய்க்கால், வாய்க்காலுக்கு அப்பால் நாலு தூண் வைத்த ஒரு மண்டபம். மண்டபத்துக்கு முன்னால் வரிசையாக ஆட்கள். எல்லாம் ஒன்றோடொன்று பூட்டிக் கட்டுகிற பிளாஸ்ரிக் கட்டைகள். ஒரு துண்டும் அசையாமல் பலகையை அவளுடைய அறையிலிருந்து தூக்கி வருவதற்கு அவனுக்குக் கால்மணித்தியாலம் எடுத்தது. கௌசலா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அவ வரட்டுமேனப்பா. கேட்டுப்போட்டுச் செய்யலாமே" என்றாள்.

"கேட்டா வேண்டாமெண்டுதான் சொல்லுவாள். நீ விலகு."

கட்டைகள் வந்தது சுவிசிலிருந்து. இராசேஸ்வரிச் சித்தியின் பெடியள் வளர்ந்துவிட்டார்கள். பால்மாவுக்கும் சொக்கிளேற்றுக்கும் நடுவில் இடம் அடைக்கச் சித்தி இரண்டு பெட்டி கட்டைகளைப் பார்சலில் போட்டு விட்டிருந்தா. யாராவது சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுங்கோ என்று துண்டும் எழுதியிருந்தா. அதைப் பிடித்துக்கொண்டவள் பட்டதாரியான நிரோஜா. கடற்கொள்ளைக்காரர், விண்வெளிக்குப் போகிறவர், கவசம் போட்ட சண்டைக்காரர் என்று பெட்டிக்குள் இருந்த ஒருவரும் வன்னிக்கு ஒத்துவரக்கூடியவர்களாக இல்லை. அவள் அவர்களைக் கழற்றிப் பூட்டினாள். தொப்பியைக் கழற்றினால் தலை, தலையைக் கழற்றினால் உடம்பு, எதையும் எதிலும் மாட்டலாம். காலுக்குப் பதிலாக ஒரு சரிவுக் கட்டையை மாட்டினால் சேலை உடுத்த பெண். வெள்ளைச் சரிவென்றால் வேட்டி கட்டிய ஐயா. பிணைச்சல் வைத்த சின்னத் துண்டுகளால் கதவும் துலாவும் கிணற்று வாளியும் செய்தாள். பிறகு அவர்களை ஒரு மயிரிழை நகர்த்தி ஒரு படம், இன்னொரு மயிரிழை நகர்த்தி இன்னொரு படம் என்று போனில் எடுத்து, ஆயிரம் படத்தை அடுக்கி ஓட விட்டால், அந்தப் பிளாஸ்ரிக் மனிதர்கள் வரம்பில் நடந்து போனார்கள்.

ஜெயந்தனுக்கு அது முதலில் கொஞ்சமும் பிடிக்கவில்லை. ஒன்றரை வருடத்துக்கு முந்தி வட்டக்கச்சியிலிருந்து மாப்பிள்ளைப் பகுதி ஒன்று நிரோஜாவைப் பொம்பிளை பார்க்க வந்தது. வாகனம் ஒழுங்கைக்குள் திரும்பிய சத்தம் கேட்ட பிறகுதான் அவனுக்கு விறாந்தை மேசையில் கிடந்த கட்டைகள் கண்ணில் பட்டன. அது நிரோஜா நாலு நாளாகக் கட்டிய ஊர். இருபத்தெட்டு வயதுப் பொம்பிளை விளையாட்டுச் சாமானோடு இருக்கிறாள் என்று நினைக்கமாட்டார்களா. மூலையில் கிடந்த உரப்பையை எடுத்து, கையால் வழித்து, ஊரை அப்படியே பைக்குள் கொட்டிக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டான். வந்தவர்கள் கேட்டதற்கு, "பிள்ளை சோதினைக்குப் படிக்கிறா" என்றான். ரீயும் பலகாரமும் சாப்பிட்டுப் போனவர்கள் திரும்பி ஒரு பதிலும் சொல்லவில்லை. நிரோஜா ஒரு கிழமையாகச் சுளகில் போட்டுப் புடைத்துப் புடைத்து உரத்தூளையும் கட்டைகளையும் பிரித்தாள். ஒரு நாள் தன்னைப் பேசியிருந்தாலாவது பரவாயில்லை என்று இருந்தது அவனுக்கு.

அந்தச் சம்பவத்தில் ஒரு ஆள் குறைந்துபோனது. இருபத்தெட்டுப் பேர் இருந்த ஊரில் இருபத்தேழு பேர்தான் மிச்சம். அவள் பலமுறை எண்ணிப் பார்த்ததை அவன் கண்டிருக்கிறான். அந்த ஆள் இருக்கிற இடம் அவனுக்குத் தெரியும். இரண்டு நாள் கழித்துக் கதவுக்குப் பின்னால் கை உடைந்து கிடந்ததை அவன்தான் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனான். தோளில் கை பொருந்துகிற குழி வெடித்திருந்தது. கடையில் வேலையில்லாத நேரங்களில் பித்தளைக் கம்பியை அரத்தால் அராவி, குழிக்குள் ஒரு வளையம் செருகி, கையைத் திரும்பப் பூட்டினான். பூட்டி என்ன செய்வது. கொடுக்கிறதென்றால் அந்த நாளைப் பற்றிக் கதைக்க வேண்டும். ஆகவே அது திருத்தகத்தில் பழைய வால்வுகள் கிடக்கிற தகர டப்பாவுக்குள்ளேயே கிடந்தது.

அவன் மனம் மாறியது போன ஆவணியில். போன் ஆடாமல் நிற்க ஒரு கை வேண்டும் என்று நிரோஜா கேட்டாள். பழைய சைக்கிளின் ஹான்டில் தண்டை வெட்டி ஒட்டிக் கொடுத்துவிட்டு, சரியாக நிற்கிறதா என்று பார்க்க அவளுடைய அறையில் இருந்தான். ஒரு பிளாஸ்ரிக் பிள்ளை வரம்பைத் தாண்டுவதற்கு இரண்டரை மணித்தியாலம் ஆனது. நிரோஜா முதுகு நிமிர்த்தவில்லை. தண்ணீர் குடிக்கவில்லை. மின்விசிறி கட்டைகளை ஆட்டுமென்று அதையும் போடவில்லை. வேர்வை மூக்கு நுனியில் நிற்க, விரலை நீட்டுவாள், தொடுவாள், விலகுவாள், படம் எடுப்பாள். மெசின் திருத்துகிறவனுக்கு ஒருவர் வேலை செய்கிறாரா விளையாடுகிறாரா என்பது முதுகைப் பார்த்தால் தெரியும். இவ்வளவு நாளும் தான் அந்த முதுகைப் பார்க்கவேயில்லை என்று அவனுக்கு வெட்கமாக இருந்தது.

இப்போது எடுக்கிற படம் சித்தி மூலமாக வந்தது. சித்தி படிப்பிக்கிற தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் விஜயதசமி காலையில் பிள்ளைகளுக்கு ஏடு தொடக்குவார்கள். அதற்கு முன்னால் திரையில் போட ஒரு படம் வேண்டும். ஒரு பிள்ளை ஏடு தொடக்கப் போகிறது, ஊரே அதோடு சேர்ந்து வயலும் வாய்க்காலும் தாண்டிப் போகிறது, கடைசியில் பிள்ளை அரிசியில் 'அ' எழுதுகிறது. பிடித்திருந்தால் உயிரெழுத்துப் பன்னிரண்டுக்கும் படம் செய்யும் வேலை ஒரு வருடத்துக்கு நிரோஜாவுக்குத்தான். பிடிக்காவிட்டால் வேறு ஆள் பார்ப்பார்கள். அதைப் பற்றி நிரோஜா வீட்டில் அதிகம் கதைக்கவில்லை. ஆனால் இரண்டு மாதமாக அவள் வேறொன்றையும் பற்றிக் கதைக்கவுமில்லை. கடைசிக் காட்சி மட்டும் மிச்சம். அதற்கு வானம் காட்ட நீல நிற பிறிஸ்டல் போட் மட்டையும் ஒரு பல்ப்பும் வாங்கத்தான் அன்று பின்னேரம் கிளிநொச்சிக்குப் போயிருந்தாள்.

விளக்கு வைக்கிற நேரம் பஸ்ஸில் வந்து இறங்கினாள். ஜெயந்தன் சாமியறைக்குள்ளிருந்தே குரல் கொடுத்தான். "நிரோ, கால் கழுவிப்போட்டு இஞ்சை வா."

சுருட்டிய பிறிஸ்டல் போட்டைக் கக்கத்துக்குள் வைத்தபடி வந்து வாசலில் நின்றவள் அப்படியே நின்றுவிட்டாள். குத்துவிளக்கின் வெளிச்சத்தில் ஊர் முழுவதும் பொட்டோடு நின்றது. வேட்டி கட்டிய ஐயாவுக்கு, சேலைக்காரிகளுக்கு, பஸ் சாரதிக்கு, அரிசித் தட்டுக்கு முன்னால் நிறுத்தியிருந்த பிள்ளைக்கு. சைக்கிள் தண்டில் செய்த போன் பிடிக்கும் கைக்குக்கூடப் பெரிய பொட்டு ஒன்று.

"எல்லாருக்குமோ?" என்றாள் நிரோஜா.

"எல்லாருக்கும். நெருப்புக்குச்சியால வைச்சனான். ஒண்டையும் ஆட்டேல்லை, நீ வைச்ச இடத்திலதான் நிக்குதுகள்." சொல்லிவிட்டு அவளுடைய முகத்தைப் பார்த்தான். அவன் எதிர்பார்த்த முகம் அங்கே வரவில்லை. சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. கணக்குப் போடுகிறவள் மாதிரி அவளுடைய கண் ஒவ்வொரு தலையாகப் போய்க்கொண்டிருந்தது.

கௌசலாதான் மெல்லச் சொன்னாள். "இஞ்சருங்கோ, நேற்றுவரைக்கும் எடுத்ததில ஒருத்தருக்கும் பொட்டில்லை. வாய்க்காலைத் தாண்டும் மட்டும் வெறும் நெத்தி. தாண்டினவுடன எல்லாருக்கும் பொட்டெண்டா, படம் வெட்டின மாதிரியெல்லே தெரியும்."

ஒரு மயிரிழை அசைந்தாலே படம் துள்ளும் என்று நிரோஜா சொன்னதை ஜெயந்தன் பலகையைத் தூக்கும்போது நினைத்தான். தும்மும்போதுகூட நினைத்தான். பொட்டு வைக்கும்போது மட்டும் அது நினைவுக்கு வரவில்லை. அதைப் படம் என்று நினைத்து வைக்கவில்லை, தொழில் என்று நினைத்து வைத்தான். முதல் தடவை வெட்கத்தில் கெடுத்தான், இந்தத் தடவை பெருமையில் கெடுத்துவிட்டான். கெட்டது என்னவோ இரண்டு தடவையும் அவளுடைய வேலைதான்.

"எடு பிள்ளை. இப்பவே துடைச்சுப்போடுவம்" என்றான். ஆயுத பூசையில் வைத்ததை விஜயதசமி விடியுமுன் எடுப்பதென்பது அந்த வீட்டில் கேள்விப்படாத கதை. ஒரு வருடம் சந்தியில் பஸ் பழுதாகி நின்று, சாரதி வீடுவரை வந்து கெஞ்சியும் ஸ்பானரைத் தொட மாட்டேன் என்று நின்றவன் அவன். "சரஸ்வதி ஒண்டும் கோவிக்கமாட்டா. நான் சொல்லுறன், எடு."

நிரோஜா உள்ளே வந்து பலகைக்குப் பக்கத்தில் இருந்தாள்.

"வேண்டாம் அண்ணா" என்றாள். "முதல் தரமா இதுகளையும் இஞ்சை வைச்சிருக்கிறியள். இருக்கட்டும்."

பிறகு கௌசலா கொடுத்த அவலையும் கடலையையும் அங்கேயே இருந்து சாப்பிட்டாள். சாப்பிட்டு முடியும்வரைக்கும் அவளுடைய கண் அந்த மஞ்சள் தலைகளை விட்டு எடுபடவில்லை.

விஜயதசமி காலை ஐந்தரைக்குக் கற்பூரம் காட்டிப் பலகையை எடுத்தார்கள். சுவிசில் காலை ஒன்பது மணியென்றால் இங்கே மத்தியானம் பன்னிரண்டரை. பன்னிரண்டுக்கு முன்னால் அனுப்பியாக வேண்டும். நிரோஜா ஈரத்துணியால் பிள்ளையின் நெற்றியைத் துடைத்தாள். சந்தனம் வந்துவிட்டது. குங்குமம் வரவில்லை. இரவெல்லாம் ஊறிப் பழைய பிளாஸ்ரிக்கில் ஏறியிருந்தது. துடைக்கத் துடைக்கப் பரவி, அடிபட்டுச் சிவந்த நெற்றி மாதிரி ஆனது. ஜெயந்தன் பெற்றோல் போத்தலை எடுத்தான்.

"அது பட்டால் முகமும் அழிஞ்சிடும் அண்ணா. வையுங்கோ."

வைத்தான். நிரோஜா துணியைப் போட்டுவிட்டு இரண்டு கையாலும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு பலகையைப் பார்த்தபடி இருந்தாள். "பொட்டில்லாமல் வந்து, மண்டபத்து வாசலில ஆரோ வைச்சு விட்டவை எண்டு காட்டினால் சரிவரும்" என்றாள், தனக்குச் சொல்வது போல. "ஏடு தொடக்க வாற பிள்ளைக்குப் பொட்டு வைக்கிறதுதானே. ஒரு பிள்ளைக்கு வைக்கிறதைக் காட்டினாப் போதும், மற்றவைக்கும் வைச்சதெண்டு பாக்கிற ஆக்களுக்கு விளங்கும். ஆனால் அதை எடுக்க வெறும் நெத்தியா ஒண்டு வேணும். இதே முகத்தில." மற்றத் தலைகளைக் கிளறினாள். மீசை வைத்தது, கண்ணாடி போட்டது, பல்லைக் காட்டுகிறது. எல்லாவற்றிலும் குங்குமம். "இந்தப் பிள்ளை மாதிரியே இன்னொண்டு இருந்தது. ரெண்டும் ஒரே பெட்டியில வந்ததுகள். அது அண்டைக்குத் துலைஞ்சு போச்சு."

அண்டைக்கு என்று மட்டும்தான் சொன்னாள். எண்டைக்கு என்று அவளும் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. சட்டையைக்கூடச் சரியாகப் போடாமல் மோட்டார்சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். அந்தக் காலை நேரத்தில் சந்தி வெறிச்சோடிக் கிடந்தது. கடையைத் திறந்து, தகர டப்பாவை மேசையில் கவிழ்த்து, வால்வுகளுக்கும் வாசர்களுக்கும் நடுவில் அதைத் தேடி எடுத்தான். ஆயுதங்களுக்கெல்லாம் நேற்றுச் சந்தனம் தெளித்தவன், மூடியிருந்த டப்பாவை மட்டும் திறக்கவில்லை. எண்ணெய்ப் பிசுக்கை உடுத்திருந்த சாரத்தில் துடைத்தான். முகம் சுத்தமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து அதை நிரோஜாவின் உள்ளங்கையில் வைத்தான்.

"கதவுக்குப் பின்னால கிடந்தது" என்றான். "கை உடைஞ்சிருந்தது. பித்தளை வைச்சிருக்கிறன்." கொஞ்சம் பொறுத்து, "முந்தியே தந்திருக்க வேணும்" என்றான்.

அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தோளுக்குள் மினுங்கிய பித்தளை வளையத்தை நகத்தால் தொட்டாள். கையை மெல்ல உயர்த்தினாள். உயர்ந்த கை அப்படியே நின்றது. இன்னும் கொஞ்சம் உயர்த்தினாள். அங்கேயும் நின்றது. அவன் கொஞ்சம் இறுக்கமாகத்தான் பூட்டியிருந்தான்.

"கூடிப்போச்சோ?" என்று கேட்டான். "அராவி விடட்டோ?"

"வேண்டாம். மற்றதுகளின்ர கையெல்லாம் தேஞ்சு போச்சு, தூக்கி விட்டா விழுந்திடும். மெழுகு வைச்சுத்தான் நிறுத்துறனான்." அவள் இன்னொரு தடவை கையைத் தூக்கிப் பார்த்தாள். இப்போது அது தொழில் செய்கிறவளின் குரல். "எனக்கு இப்பிடித்தான் வேணும். எல்லாத்தையும் இப்பிடிச் செய்து தரேலுமோ?"

"ஏலும்" என்றான் ஜெயந்தன்.

பலகை அறைக்குத் திரும்பியது. நீலப் பிறிஸ்டல் போட் வானமாக நின்றது. பல்ப்பைப் போட்டதும் வாய்க்கால் மினுங்கியது. பொட்டு வைத்த ஊரை வாசலை எடுக்கிற படத்துக்குள் தெரியாதபடி ஒதுக்கிவிட்டு, பொட்டில்லாத பிள்ளையை மண்டபத்து வாசலில் நிறுத்தினாள். பொட்டு வைக்கிறவர் ஆர் என்று ஜெயந்தன் பார்த்துக்கொண்டு நின்றான். வேட்டி கட்டிய ஐயாவுக்குக் கையில் ஏதாவது மாட்டுவாளோ என்று நினைத்தான்.

"அண்ணா, வந்து இருங்கோ. உங்கட கைதான்."

"என்ர கையோ? பொறு, மண்ணெண்ணெய் போட்டுக் கழுவிக்கொண்டு வாறன்."

"நேரமில்லை. இருங்கோ."

கதிரையை இழுத்து இருந்தான். அவள் சொன்னபடி நெருப்புக்குச்சியில் சந்தனம் தொட்டு, பலகையின் ஓரத்தில் கையை வைத்தான். ஒரு படம். ஒரு நெல்லளவு உள்ளே. ஒரு படம். இன்னொரு நெல்லளவு. கை அசையாமல் நிற்க முழங்கையை மேசையில் ஊன்றினான். ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் அவள் "மூச்சு" என்பாள், அவன் மூச்சைப் பிடிப்பான். நாற்பதாவது படத்தில் தோள் விறைத்தது. எழுபதாவது படத்தில் இடுப்பு. நகத்துக்குள் இருபது வருடக் கறுப்போடு அந்த விரல்கள் பிளாஸ்ரிக் பிள்ளையின் தலைக்கு மேலே ஒரு மரக்கிளை மாதிரி வந்துகொண்டிருந்தன. சுவரில் மணி பத்தரை தாண்டியது. அரிசியில் 'அ' எழுதுகிறதை இன்னும் தொடங்கவில்லை.

வெளியே லான்ட்மாஸ்ரர் ஒன்று படபடத்து வந்து நின்றது. படலையடியில் யாரோ குரல் கொடுத்தார்கள். "ஜெயந்தன், நிக்கிறியே? பெல்ற் அறுந்துபோச்சு. மழைக்கு முன்னம் உழவேணும்."

கௌசலா குசினியிலிருந்து வெளியே போகிற சத்தம் கேட்டது.

"கொஞ்சம் இருங்கோ அண்ணை" என்றாள். "ரெண்டு பேரும் வேலையில நிக்கினம்."

ஜெயந்தன் திரும்பவில்லை. திரும்பினால் கை ஆடும். குச்சியின் முனையில் சந்தனம் ஓரம் காயத் தொடங்கியிருந்தது. அதற்குக் கீழே, ஒரு நெல்லளவு இடைவெளியில், வெறும் நெற்றியோடு பிள்ளை நின்றது. அதன் பித்தளை வைத்துப் பூட்டிய கை உயர்ந்தபடியே நின்றது.

"மூச்சு" என்றாள் நிரோஜா.